சிங்கப்பூரா, லண்டனா? வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன்

வங்கியில் கடன் மேசையில் உட்கார்ந்தே என் உத்தியோக காலம் பெரும்பாலும் கழிந்தது. பாலக்கோட்டில் கொஞ்ச காலம், தருமபுரி நகரத்தில் மீதிக் காலம். பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் கறவை மாட்டுக் கடனுக்கும் வந்துகொண்டிருந்த ஜனம், நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்து வேறொரு கேள்வியோடு வர ஆரம்பித்தது. "பையனை எங்க மேடம் அனுப்பலாம்? சிங்கப்பூருக்கா, லண்டனுக்கா?" இப்போது அந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கே வருகிறது. புளி வியாபாரி வருகிறார், தக்காளி மண்டிக்காரர் வருகிறார், லாரி ஓட்டுகிறவர் வருகிறார், அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அம்மா வருகிறார். அனேகமாக எல்லோருமே தங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளையைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

ஆளுக்கு ஆள் மாறும், சூழ்நிலையைப் பொறுத்தது என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. சொத்து என்று இருப்பது ஒரே ஒரு வீடும் கொஞ்சம் மேட்டுக்காடும்தான் என்றால், எந்தப் பாதையில் சம்பளம் முதலில் வருகிறதோ அந்தப் பாதையில்தான் பிள்ளை போக வேண்டும். கடன் முதலில் வந்து, சம்பளம் வந்தாலும் வரலாம் என்கிற பாதையில் போகக் கூடாது. அந்தப் பாதை கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை நான் தருமபுரியில் இருந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. ராமநாதபுரத்திலோ தஞ்சாவூர்ப் பக்கத்திலோ தெருவுக்கு நாலு வீட்டில் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போய் வந்தவர்கள் இருப்பார்கள். எந்தக் கம்பெனி சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கும், எந்த ஏஜென்ட் ஏமாற்றுவான் என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். 2015-ல் எடுத்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வின்படி, வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். அவர்கள் போன நாடுகளில் முதலிடம் சிங்கப்பூருக்கு, அதற்கடுத்து ஐக்கிய அரபு அமீரகம். நம் மாவட்டத்து ஆட்கள் வேலை தேடிப் போனது பெரும்பாலும் பஸ்ஸில்தான். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளத்தில் கூலி வேலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம். தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அதுதான் கடைசி. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள அத்தை மகனோ பக்கத்து வீட்டு அண்ணனோ அங்கே கிடையாது. இருப்பதெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கன்சல்டன்சி. பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அந்தக் கல்லூரியிடமிருந்து கமிஷன் வாங்குகிறவரிடம் போய், "இந்தக் கல்லூரி நல்லதா?" என்று கேட்கிறோம்.

பிழைப்புக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் போன ஒருவரை இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். அவர் மேற்கே இருந்து கிழக்கே வந்தவர். தாமஸ் மன்றோ, 1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தார். அப்பா அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்துவந்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் அந்த வியாபாரம் நொடித்துப் போனது. குடும்பத்தைத் தூக்கி நிறுத்த, 18 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னைக்கு வந்து இறங்கினார். அதன் பிறகு பல வருடங்கள் கையில் காசில்லாத படை வாழ்க்கை. தலையணை கிடையாது, புத்தகத்தையோ தோட்டாப் பெட்டியையோ தலைக்கு வைத்துத்தான் தூங்கினேன் என்று 1789-ல் தன் சகோதரிக்குக் கடிதம் எழுதினார். டொரான்டோவில் ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்துக்கொண்டு, அம்மாவிடம் வீடியோ காலில் சிரித்துப் பேசும் நம் பிள்ளைகளைத்தான் அந்தக் கடிதம் எனக்கு நினைவுபடுத்துகிறது.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து, நம் பகுதி அடங்கிய பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் என்கிற அதிகாரிக்குக் கீழே வரி நிர்வாகம் பார்க்க வந்த உதவியாளர்களில் மன்றோவும் ஒருவர். 1799 வரை இந்தப் பகுதியில் இருந்தார். தருமபுரியில் தோட்டம் போட்டு, அதை விட்டுப் போக மனமில்லாமல்தான் போனார். பின்னாளில், விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அவர் பெயரே அடையாளமாயிற்று. 1820-ல் சென்னை மாகாணத்தின் கவர்னரானார். இத்தனைக்கும் நடுவில் ஊரில் இருந்த அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று பதவியிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டு, மாற்று ஆள் வருவதற்குக் காத்திருந்தபோது, 1827 ஜூலை 6 அன்று கர்நூல் பக்கம் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

மன்றோவுக்குப் பின்னால் ஒரு கம்பெனியும் அதன் பீரங்கிகளும் இருந்தன. நம் பிள்ளைகளுக்குப் பின்னால் இருப்பது வீட்டுப் பத்திரம் மட்டும்தான். ஆனாலும் அவர் கதையில் எனக்குப் பிடிபடுகிற ஒரு விஷயம் உண்டு. அவர் கப்பல் ஏறியபோது வேலை கையில் இருந்தது. சொற்பச் சம்பளம்தான், ஆனாலும் இறங்கிய நாளிலிருந்து சம்பளம். அப்பாவின் வீட்டை அடமானம் வைத்துவிட்டு இங்கே வந்து வேலை தேடவில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் கன்சல்டன்சியில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஈடு வேண்டாம். 4 லட்சத்துக்கு மேல் 7.5 லட்சம் வரை சில வங்கிகளில் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்பார்கள். 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக சொத்தை ஈடு கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்றால் மொத்தச் செலவில் 15 சதவீதத்தை நாம் கையிலிருந்து போட வேண்டும். இங்கேதான் நம் ஊர்க் குடும்பங்களுக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. "மூணு ஏக்கரு இருக்குங்க மேடம்" என்று சிட்டாவும் அடங்கலும் எடுத்துக்கொண்டு வருவார்கள். விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக வங்கிகள் பெரும்பாலும் எடுப்பதில்லை. கடன் வாராக் கடனானால் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தருகிற சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது. அது விவசாயியைக் காப்பாற்ற வந்த விதி, நல்ல விதி. ஆனால் அதனால் என்ன நடக்கிறது என்றால், குடியிருக்கும் வீடு ஈடாகப் போகிறது. வீட்டுக்குச் சரியான மூலப்பத்திரம் இல்லை என்றால் நிலத்தை விற்கிறார்கள். இல்லாவிட்டால் வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்குகிறார்கள். ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அந்த வட்டியில் கடன் வாங்கிப் படித்து, சம்பாதித்து, அடைத்து நிமிர்ந்த ஒரு குடும்பத்தைக்கூட என் அனுபவத்தில் நான் பார்க்கவில்லை.

வங்கிக் கடனே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் ஒன்றரை வருட முதுகலைப் படிப்பு, 25 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம். படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். கட்ட வேண்டாம், சரி. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முழுப் பணமும் முதலிலேயே போய்விட்டதாகக் கொண்டால், இரண்டரை வருடத்தில் வட்டி மட்டும் ஏறக்குறைய 6.5 லட்சம். அதையும் அசலோடு சேர்த்து 10 வருடத்தில் அடைக்க வேண்டும் என்றால் மாதத் தவணை 42,600 ரூபாய் அளவுக்கு வரும். பிள்ளைக்கு அங்கே முறையான வேலை கிடைத்தால் இந்தத் தவணை ஒரு பொருட்டே இல்லை. கிடைக்காமல் திரும்பி வந்து பெங்களூரில் 30,000 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தால், மொத்தச் சம்பளத்தையும் கொடுத்தாலும் தவணைக்குப் போதாது. மீதியை யார் கட்டுவது? அறுபது வயதில் அப்பா மறுபடியும் லாரியில் ஏறுகிறார். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முறையான வேலை கிடைக்குமா என்பதை முடிவு செய்வது பிள்ளையின் திறமை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நாட்டின் விசா விதியும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. பிரிட்டனில் முதுகலைப் பாடம் படிக்கும் மாணவர் கணவனையோ மனைவியையோ கூட்டிப் போவது 2024 ஜனவரியோடு நின்றுபோனது. படிப்பு முடிந்து வேலை தேட இரண்டு வருடம் கொடுத்திருந்தார்கள், அது 2027 ஜனவரி முதல் 18 மாதமாகக் குறைகிறது. அதன் பிறகும் தங்க வேண்டும் என்றால் விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி வேண்டும். அவர் தரவேண்டிய பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஏப்ரலில் வருடத்துக்கு 38,700 பவுண்டாகவும், 2025 ஜூலையில் 41,700 பவுண்டாகவும் உயர்ந்தது. புதிதாகப் படித்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனாலும் சிறு கம்பெனிகள் அந்தச் செலவுக்குப் பயந்து கையெடுத்துக் கும்பிடுகின்றன. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் 2025 ஜூலையில் நின்றது. "படிக்கும்போதே பார்ட் டைம் வேலை செஞ்சு கடனைக் கட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. பெருக்கிப் பாருங்கள், மாதம் ஆயிரம் பவுண்டைச் சுற்றித்தான் வரும். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது தீர்ந்துவிடும்.

கனடா 2024-ல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்து, முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. கையிருப்பாகக் காட்ட வேண்டிய பணத்தை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏற்றியது. அமெரிக்காவில் எச்-1பி விசா வருடத்துக்கு 85,000 பேருக்குத்தான், அதுவும் குலுக்கலில். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உத்தரவு வந்தது. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்காரருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதால் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டுகள் நீளம். மேற்கே போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதையெல்லாம் அடுக்கவில்லை. உங்கள் கடன் 10 வருடத்துக்கு மாறாமல் நிற்கும். அவர்கள் விதி இரண்டு வருடத்தில் இரண்டு முறை மாறும். மாறாத கடனையும் மாறுகிற விதியையும் ஒன்றாகக் கட்டி ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றலாமா என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விசாவுக்காக வங்கிக் கணக்கில் பணம் காட்ட வேண்டும், பிரிட்டன் என்றால் 28 நாள் அந்தப் பணம் கணக்கில் இருக்க வேண்டும். அதற்காகவே வட்டிக்குப் பணம் போட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கன்சல்டன்சியே ஏற்பாடு செய்து தருவதும் உண்டு. மாட்டிக்கொண்டால் விசா மறுப்போடு முடியாது. ஏமாற்ற முயன்றதாகப் பதிவாகிவிட்டால் பிரிட்டன் 10 வருடமும் கனடா 5 வருடமும் கதவைச் சாத்திவிடும். பாஸ்போர்ட்டில் இருப்பது பிள்ளையின் பெயர். தண்டனையும் பிள்ளைக்குத்தான்.

அப்படியானால் ஆசியாவே சொர்க்கமா? அதுவும் கிடையாது.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. செராங்கூன் சாலையில் நடந்தால் நம் ஊர்க் கடைவீதியில் நடக்கிற மாதிரி இருக்கும் என்று என் அண்ணன் மகன் சொல்வான். ஐடிஐ முடித்துவிட்டு, சிங்கப்பூர் டெஸ்ட் என்கிற தொழில்திறன் தேர்வை அடித்து, கட்டுமான வேலைக்குப் போனவன் அவன். முதல் மாதத்திலிருந்தே சம்பளம். முதல் வருடத்திலேயே கடனை அடைத்தான், தங்கை கல்யாணத்தைப் பண்ணி வைத்தான். ஆனால் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் வரை மனைவி பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. வருடத்தில் சில வாரம் மட்டும் தகப்பன். 2020-ல் கோவிட் வந்தபோது அங்கே விடுதிகளில் சுமார் 3 லட்சம் தொழிலாளர்கள் மாதக் கணக்கில் அடைந்து கிடந்தார்கள், அவனும் கிடந்தான். அந்த நாட்களில் அண்ணி ராத்திரியில் தூங்கவே இல்லை. பட்டம் படித்து எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிறவர்களின் கதை வேறு. ஆனால் அதற்கும் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து மாதம் 5,600 சிங்கப்பூர் டாலர். புதுப் பட்டதாரிக்கு எளிதில் எட்டாது.

சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள ஏஜென்ட் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சமாக இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். இங்கே நம் ஆட்கள் நடுவில் நிற்பவர்களிடம் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள், ரசீதுகூடக் கேட்பதில்லை.

வளைகுடாவில் வருமான வரி இல்லை. அங்கேயே நிலைக்கலாம் என்கிற எண்ணமும் நமக்கு இல்லை, ஏனென்றால் எத்தனை வருடம் உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்கு அங்கே குடியுரிமை கிடையாது. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்கிற குறிப்பு இருக்கும். வளைகுடாவும் மலேசியாவும் சேர்ந்த 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நமக்கு அந்த அலுவலகம் சென்னையில். எழுத்தறிவில் கடைசியில் நின்ற நம் மாவட்டத்துக்கு இது மிக முக்கியமான விஷயம். பலர் அதைத் தொல்லை என்று நினைத்து விசிட் விசாவில் கிளம்பிவிடுகிறார்கள். அந்த அனுமதியோடு போகிறவருக்கு பிரவாசி பாரதீய பீமா என்கிற காப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். விசிட் விசாவில் போனவர் இறந்தால் உடலைக் கொண்டுவரவே ஊரில் வசூல் செய்ய வேண்டியிருக்கிறது.

"தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலை, மாசம் எழுபதாயிரம்" என்று செல்போனில் வரும் விளம்பரத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அதை நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு, மியான்மாரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். 2022-ல் அரசு தலையிட்டு அவர்களில் சிலரை மீட்டு வந்தது.

ஆசியாவில் அதிகம் பேசப்படாத நாடு ஜப்பான். வயதானவர்கள் பெருகி, வேலை செய்ய ஆளில்லாத நாடு அது. 2019-ல் தனித்திறன் தொழிலாளர் விசா ஒன்றைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், விவசாயம், உணவுத் தொழில் என்று பல துறைகள். ஜப்பானிய மொழியில் அடிப்படைத் தேர்வும் தொழில் தேர்வும் தேற வேண்டும். முதல் கட்டத்தில் 5 வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அடுத்த கட்டத்துக்குத் தேறினால் குடும்பமும் வரலாம், காலக்கெடுவும் இல்லை. 25 லட்சம் கடன் தேவையில்லை. ஒரு வருடம் மொழி படிக்கும் பொறுமைதான் தேவை.

மேற்கிலும் இதே மாதிரி, சம்பளம் முதலில் வரும் ஒரு பாதை இருக்கிறது. அதைப் பற்றி எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது, ஏனென்றால் அந்தப் பாதையில் அதிகம் போகிறவர்கள் நம் பெண் பிள்ளைகள். பெண் சிசுக்கொலை என்றால் செய்தித்தாள்களில் தருமபுரி, சேலம் பெயர்கள் அடிபட்ட காலம் ஒன்று இருந்தது. 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் விரிவாக்க வேண்டி வந்தது. அந்த மாவட்டத்திலிருந்து இன்று செவிலியர் படித்த பெண்கள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறார்கள். என் தங்கை மகளும் அதில் ஒருத்தி. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் இரவு வேலை பார்த்தாள். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் ஜெர்மன் படித்தாள். பி1 நிலை மொழித் தேர்வில் தேறி, பி2-வில் ஒரு முறை தவறி, மறுபடி எழுதித் தேறினாள். அங்கே போய் அவள் படிப்புக்கு முழு அங்கீகாரம் கிடைக்கும் வரை உதவியாளர் சம்பளம், கிடைத்த பிறகு செவிலியர் சம்பளம். விமான டிக்கெட்டை மருத்துவமனை கொடுத்தது. அவள் போனதால் தங்கை வீட்டில் ஏற்பட்ட கடன், மொழி வகுப்புக்கும் தேர்வுக்கும் வாங்கிய ஒரு நகைக்கடன் மட்டும். அந்த நகை இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது.

முதுகலை படிக்க விரும்புகிறவர்களுக்கும் ஜெர்மனி கொஞ்சம் தோதான நாடு. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட வேண்டும். அது நம் பணம்தான், மாதாமாதம் நமக்கே திரும்ப வரும். பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம், வேலை கிடைக்க ஜெர்மன் வேண்டும். அதைக் கற்காமல் போனவர்கள் தடுமாறுவதைப் பார்க்கிறோம். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் 36 லட்சம் ரூபாய் வரை உதவி தருகிறது. அரூர்ப் பக்கத்து மலைக் கிராமங்களில் இதைக் கேள்விப்படாத குடும்பங்கள் நிறைய. தெரிந்த ஆசிரியர்கள் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

பணக் கணக்கில் வராத ஒன்று பெற்றோர். நம் பக்கத்தில் சாவு விழுந்தால் ஐஸ் பெட்டி வாடகைக்கு வரும். மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கி மறுநாள் வந்துவிடுவான். கனடாவில் இருப்பவனுக்கு டிக்கெட் கிடைத்து வந்து சேர இரண்டு நாளாவது ஆகும். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், "இன்னும் எத்தனை நேரம்ப்பா வச்சிருக்கிறது" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். தம்பியோ பங்காளியோ கொள்ளி வைத்துவிடுவார். வயதான அப்பா அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொள்வதும் மேற்கே சுலபமில்லை. பிரிட்டன் 2012-லேயே அந்த விதியை ஏறக்குறைய முடியாத அளவுக்கு இறுக்கிவிட்டது. ஒரே பிள்ளையைப் பெற்றவர்கள் இதைப் பேசாமல் விசாவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையும் கூடவே உட்கார்ந்து பேச வேண்டும்.

வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆசியாவையும் பார்க்கச் சொல்கிறேன். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை 1980-களின் பிற்பகுதியில் ஓசூரில் ஓட ஆரம்பித்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல்தான், அன்று ஓசூர் தருமபுரி மாவட்டம். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, கடிகாரம் செய்யப் பழக்கினார்கள். கடன் வாங்காமல், கண்டம் தாண்டாமல் ஒரு தலைமுறை நிமிர்ந்தது அப்படித்தான். இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா, கிருஷ்ணகிரியில் தைவான் கம்பெனியான டெல்டா என்று வந்திருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் சிங்கப்பூரை எட்டாது, சில இடங்களில் வேலை ஒப்பந்தத்தில்தான் என்பதும் தெரியும். ஆனால் இன்ஜினீயரிங் முடித்த பிள்ளை இங்கேயோ பெங்களூரிலோ மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பினால் மூன்று நன்மை உண்டு. கையில் கொஞ்சம் பணம் சேரும், சான்றிதழில் அனுபவம் ஏறும், எந்தத் துறையில் மேற்படிப்பு வேண்டும் என்பது தனக்கே தெளியும். மூன்று வருடம் வீணாகிவிடும் என்று பெற்றோர் பதறுகிறார்கள். 23 வயதில் தெளிவில்லாமல் வாங்கும் 25 லட்சம் கடன், 33 வயது வரை கல்யாணத்தையே தள்ளிப்போடுவதைப் பற்றி யாரும் பதறுவதில்லை.

எனவே என் வாசலில் வந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஐடிஐ, டிப்ளமோ படித்த பிள்ளை என்றால் கிழக்கே போகட்டும். வேலை கையில் இருக்கட்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். ஜப்பானிய மொழி படிக்க மனமிருந்தால் அதுவே முதல் தேர்வு. செவிலியர் என்றால் தயங்காமல் மேற்கே போகலாம், மொழியைக் கற்றுக்கொண்டு, மருத்துவமனையின் நியமனக் கடிதத்தோடு. பொறியியல் பட்டதாரி என்றால் முதலில் இங்கே வேலை, பிறகு கட்டணமில்லாத அல்லது உதவித்தொகை உள்ள படிப்பு. பெயர் தெரியாத கல்லூரியில் ஒரு வருட முதுகலைக்காகக் குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்க வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏஜென்ட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும்தான், மொத்தம் 35,400. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசுக்கே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தவணை ஆரம்பிக்கும் மாதத்தில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கிளை மேலாளரிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையை, பிள்ளை திரும்பி வந்தால் இங்கே வாங்கக்கூடிய சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணை போகும் என்றால், பத்திரத்தை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போங்கள்.